கேவியட் மனு: யாருக்கு யார் விடும் எச்சரிக்கை? சொல்லின் வேர், பொருள், நடைமுறை

#1 வடகரையான்

வணக்கம். "உச்ச நீதிமன்றத்தில் கேவியட் மனு தாக்கல்" என்று பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. அடைப்புக்குறிக்குள் ஒருவர் "முன்னெச்சரிக்கை மனு" என்று போடுகிறார், இன்னொருவர் "தடை கோரும் மனு" என்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

கேள்விகள் மூன்று. லத்தீனில் இது பெயர்ச்சொல்லா, வினையா? எச்சரிக்கை என்றால் யாருக்கு, எதிராளிக்கா, நீதிபதிக்கா? பக்கத்து நிலத்துக்காரர் தபாலில் கேவியட் நோட்டீஸ் அனுப்பினால் வேலி வேலையை நிறுத்த வேண்டுமா?

#2 இலக்கணப்பித்தன்

முதல் கேள்வி என் பக்கம். அது வினை, அதுவும் முற்றுவினை. ஆங்கிலம் அதைப் பெயர்ச்சொல்லாக ஆக்கிக்கொண்டது.

மூலம் "கவேரெ": கவனமாக இரு, காத்துக்கொள், பார்த்து நட என்று பொருள். அதன் படர்க்கை ஒருமையில், "அவன் அப்படிச் செய்யட்டும்" என்ற பொருள் தரும் வடிவம்தான் "கவெஆத்". ஆங்கிலேயர் வாயில் அது கேவியட் ஆனது. நம் கோர்ட்டுகளிலும் அதுவே.

ஆங்கில இலக்கண நூல்கள் இந்த வடிவத்தை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதும். தமிழ் படித்தவனுக்கு ஒரே சொல் போதும்: வியங்கோள். வாழ்க, வருக, ஒழிக, காக்க. கேவியட் என்றால் "கவனமாய் இருக்க". ஒரு வேறுபாடு உண்டு. நம் வியங்கோள் மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொது. "வாழ்க" என்றால் யார் வாழ என்று சொல் காட்டாது. லத்தீன் காட்டிவிடும். கேவியட்டுக்குள்ளேயே "அவர்" இருக்கிறார், முன்னால் நிற்பவரைப் பார்த்து "நீ" என்று சொல்லும் சொல் இல்லை அது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இந்த "அவர்" யார் என்பதில் இருக்கிறது. கோர்ட்டு நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

#3 சட்டமாணவி_மதுரை

பித்தன் ஐயா, பழைய ரோம நகரமான பொம்பெய்யில் வீட்டு வாசல் தரையில் நாய்ப் படத்தோடு "கவே கானெம்" என்று பதித்திருக்கிறதே, அதே சொல்தானா?

#4 இலக்கணப்பித்தன்

அதே வேர், வேறு வடிவம். "கவே" ஏவல் ஒருமை: நேராக உன்னைப் பார்த்து "நாய் இருக்கிறது, ஜாக்கிரதை" என்பது. வாசலில் நிற்பவனிடம் ஏவலில் பேசலாம். மேலிடத்தில் இருப்பவரிடம் "ஜாக்கிரதையா இரு" என்று சொல்ல முடியுமா? அங்கே வியங்கோள்தான் பொருந்தும்.

இந்த வேரிலிருந்தே ஆங்கிலத்தின் "காஷன்" வந்தது. காலேஜ் ஹாஸ்டலில் கட்டும் காஷன் டெபாசிட்டும் கேவியட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ரோமச் சட்டத்தில் "கவுட்டியோ" என்றால் பிணை, ஈடு. சட்ட அறிஞரின் வேலைகளைச் சொல்லும்போது ரோமப் பேச்சாளர் சிசரோ "கவேரெ"யையும் ஒரு வேலையாகச் சேர்க்கிறார்: கட்சிக்காரருக்குப் பின்னால் வில்லங்கம் வராதபடி பத்திர வாசகத்தை முன்கூட்டியே கட்டித் தருவது. நம்மூர்ப் பத்திர எழுத்தர் செய்வது அதைத்தான்.

கோர்ட்டுப் பெயர்களில் பாதி இப்படி வினைமுற்றுகள்தான். அஃபிடவிட் என்றால் "அவர் சத்தியம் செய்தார்", இறந்தகாலம். மாண்டமஸ் "நாம் ஆணையிடுகிறோம்". ஃபியட் "ஆகுக" (கார் கம்பெனியின் பெயர் வேறு, அது நான்கு சொற்களின் முதலெழுத்து). வாசகத்தில் முக்கியமாக நின்ற வினையே காகிதத்துக்குப் பெயராகிவிட்டது.

#5 ஃபைலிங்_செக்ஷன்

இரண்டாவது கேள்வி. "அவர்" என்பது நீதிபதி. எதிராளிக்கு நோட்டீஸ் போவது உண்மைதான், ஆனால் மனு அவரை நோக்கியது அல்ல.

இங்கிலாந்தில் இன்றைக்கும் உயில் வழக்குக்கான கேவியட் படிவத்தின் உயிர் ஒரே வரி: "இன்னாருடைய சொத்தில் இன்னாருக்கு அறிவிக்காமல் எந்த அனுமதியும் முத்திரையிடப்பட வேண்டாம்". அவ்வளவுதான். வழக்கு என்ன, யார் பக்கம் நியாயம் என்று அதில் ஒரு சொல் இல்லை.

இந்தியாவில் இது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவு. 1908ல் சட்டம் வந்தபோது இந்தப் பிரிவு கிடையாது. 1976ஆம் ஆண்டின் 104ஆவது சட்டத்தால் சேர்த்தார்கள். ஐந்து உட்பிரிவு:

ஒன்று, ஒரு மனு வரும் என்று எதிர்பார்த்தாலோ, வந்திருந்தாலோ, அந்த விசாரணையில் ஆஜராக உரிமை உள்ளவர் கேவியட் போடலாம். இரண்டு, போட்டவர் ஒப்புகையுடன் கூடிய பதிவுத்தபாலில் எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மூன்று, பிறகு மனு வந்தால் கோர்ட்டு கேவியட்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நான்கு, மனு போடுபவர் மனுவின் நகலையும் ஆவண நகல்களையும் உடனே கேவியட்காரருக்குக் கொடுக்க வேண்டும். நகல் செலவு கேவியட்காரருடையது. ஐந்து, ஆயுள் 90 நாள்.

இதில் "தடை" என்ற சொல் எங்கேயும் இல்லை என்பதைக் கவனிக்கவும்.

#6 ராக்கெட்_ரவி

எங்க பக்கம் எல்லாரும் கேவியட் போட்டா ஸ்டே மாதிரின்னுதான் சொல்றாங்க. பத்திரப்பதிவே நிக்கும்ங்கறாங்க. அப்ப அது பொய்யா?

#7 ஃபைலிங்_செக்ஷன்

பொய்தான் ரவி. 148ஏ கேவியட் கட்டுவது அந்தக் கோர்ட்டை மட்டும். அதிலும் இடைக்கால மனு ஒன்றில் உத்தரவு போடுவதை மட்டும். சார்பதிவாளரைக் கட்டாது, பஞ்சாயத்தைக் கட்டாது, கொத்தனாரைக் கட்டாது. எதிராளி அசல் வழக்கு போடுவதைக்கூடத் தடுக்காது. சார்பதிவாளரிடம் கொடுப்பது ஆட்சேபனை மனு. அதன் பலம் பலவீனம் பதிவுச் சட்டத்தின்படி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கேவியட் நகலைப் பதிவு அலுவலகத்தில் நீட்டிவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. சொத்து கைமாறிய பிறகுதான் விஷயம் புரியும்.

கேவியட் பயன்படும் இடம் ஒன்றே: எக்ஸ்பார்ட்டி உறுத்துக்கட்டளை, அதாவது எதிர்த்தரப்பைக் கேட்காமலே கோர்ட்டு போடும் தடை உத்தரவு. சாதாரணமாக எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்த பிறகே உறுத்துக்கட்டளை. ஆனால் அதே நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது ஆணையின் 3ஆவது விதியில் ஒரு வாசல் இருக்கிறது: தாமதித்தால் நோக்கமே கெட்டுவிடும் என்று கோர்ட்டு கருதினால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு நோட்டீஸ் இல்லாமலே கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மனு, சாயங்காலம் உத்தரவு, திங்கட்கிழமை வேலை நிற்கும். அந்த வாசலில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்வதுதான் கேவியட்.

#8 வடகரையான்

நன்றி, தெளிவாகிவிட்டது. மனுவில் என்னென்ன இருக்க வேண்டும்? அச்சடித்த படிவம் உண்டா?

#9 ஃபைலிங்_செக்ஷன்

148ஏ-க்கு நடைமுறைச் சட்டத்தில் தனிப் படிவம் இல்லை. பழக்கத்தில் வைப்பவை: கோர்ட்டின் பெயர், கேவியட்டரின் (கேவியட் போடுபவரின்) முழுப்பெயர், தகப்பனார் பெயர், முகவரி, மனு போடுவார் என்று எதிர்பார்ப்பவரின் அதே விவரம், என்ன மாதிரி மனுவை எதிர்பார்க்கிறோம் என்று இரண்டு மூன்று வரி, சொத்து விவரம் (சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை), ஏற்கெனவே வழக்கு இருந்தால் அதன் எண். கூடவே வக்காலத்து, கோர்ட்டு ஸ்டாம்பு, அனுப்பிய நோட்டீஸின் நகல், தபால் ரசீது. ரசீதை ஒட்டாமல் கொடுத்தால் ரிட்டர்ன் ஆகும். அதைச் சரிசெய்து திரும்பக் கொடுப்பதற்குள் எதிராளி முந்திவிட்டால் எல்லாம் வீண்.

தபால் விஷயத்தில் இப்போது ஒரு புதுச் சிக்கல். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத்தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். சட்டத்தில் இருப்பதோ பழைய சொல். கவுண்டரில் வெறும் ஸ்பீடு போஸ்ட் என்று கேட்காமல், பதிவும் ஒப்புகையும் சேர்த்துக் கேட்டு, ரசீதில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்கவும்.

கேவியட் வீணாகப் போவது பெரும்பாலும் சட்ட நுணுக்கத்தால் அல்ல, பெயரால். ஃபைலிங்கில் புது மனு வரும்போது கேவியட் பதிவேட்டையோ கம்ப்யூட்டரையோ பார்ப்பார்கள். அங்கே தேடுவது பெயரை வைத்து. நம் ஆட்களுக்கு ஆதாரில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர். "மு. ராமசாமி" என்று கேவியட், "ராமசாமி என்கிற துரை" என்று வழக்கு வந்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துப் பார்க்காது. பத்திரத்தில், பட்டாவில், முந்தைய வழக்கில் உள்ள எல்லாப் பெயர்களையும் "என்கிற" போட்டு எழுதுங்கள்.

அடுத்தது ஆள் மாற்றம். அப்பா மேல் கேவியட் போட்டிருப்பீர்கள், மகன் பெயரில் மனு வரும். உரிமை கோரக்கூடிய எல்லாரையும் சேர்த்தே போட வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டீஸ், தனித்தனி ரசீது.

மூன்றாவது, கோர்ட்டு மாற்றம். முன்சீப் கோர்ட்டில் போட்ட கேவியட் சார்பு நீதிமன்றத்தில் செல்லாது. வழக்கின் மதிப்பைக் கூட்டிக் காட்டி மேல் கோர்ட்டுக்குப் போக வாய்ப்பிருந்தால் அங்கேயும் ஒன்று. செலவு பெரிதில்லை, அலைச்சல்தான்.

#10 கொங்குத்தமிழன்

அண்ணே, ஒரு சந்தேகம்ங்க. நோட்டீஸ் அனுப்பறதே எதிராளிக்கு நாமளே தகவல் சொல்ற மாதிரி ஆகிடுதே. தூங்கிட்டிருக்கிறவனை எழுப்பி விடறதுதானுங்களே?

#11 ஃபைலிங்_செக்ஷன்

சரியான கேள்வி தம்பி. பல பேர் யோசிக்காமல் போடுகிறார்கள். கேவியட் நோட்டீஸைப் படித்தால் உங்களுக்கு எந்த சர்வே எண்ணில் பயம், எந்தப் பத்திரத்தை நம்பி நிற்கிறீர்கள் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிடும். அதனால் வாதத்தையெல்லாம் மனுவில் கொட்டக்கூடாது. "எனக்கு ஆஜராக உரிமை உண்டு, இன்ன மனுவை எதிர்பார்க்கிறேன்" என்பதற்கு மேல் ஒரு வரியும் அதிகம்தான். எதிராளி ஏற்கெனவே வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தால், அல்லது கீழ்க்கோர்ட்டில் நீங்கள் ஜெயித்து அவர் அப்பீல் போவது உறுதி என்றால், தயங்காமல் போடலாம். வாய்ச்சண்டைக்கெல்லாம் போட வேண்டியதில்லை.

#12 சட்டமாணவி_மதுரை

90 நாள் எந்த நாளிலிருந்து? நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளா, கோர்ட்டில் போட்ட நாளா?

#13 அப்பீல்_அய்யாசாமி

கோர்ட்டில் போட்ட நாளிலிருந்து. போட்ட நாளைக் கழித்து எண்ணவும். மார்ச் 1 அன்று போட்டால் மார்ச் 31க்கு 30 நாள், ஏப்ரல் 30க்கு 60, மே 30க்கு 90. மே 30க்குள் எதிராளி மனு போட்டுவிட்டால் அந்த மனுவைப் பொறுத்தவரை கேவியட் உயிரோடு இருக்கும். மே 31 அன்று போட்டால் உங்கள் கேவியட் வெறும் காகிதம்.

அப்பீலில்தான் இது கழுத்தை அறுக்கும். மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் கெடு 30 நாள். அங்கே பிரச்சினை இல்லை. உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவுக்கும் 90 நாள். ஆனால் அந்தக் கெடுவில் தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்கள் கழியும். நகலுக்கு 25 நாள் பிடித்தால் எதிராளிக்குத் தீர்ப்பிலிருந்து 115 நாள் கையில் இருக்கிறது. தீர்ப்பன்றே உற்சாகமாகக் கேவியட் போட்டவருக்கு 90ஆம் நாளோடு முடிந்துவிடும். நடுவில் 25 நாள் கதவு திறந்தே கிடக்கும். விவரம் தெரிந்த எதிர்த்தரப்பு அந்த இடைவெளிக்காகக் காத்திருக்கும். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு வந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

நீட்டிப்பு என்று ஒன்று கிடையாது. புதிய கேவியட், புதிய நோட்டீஸ், புதிய ரசீது. 80ஆவது நாளில் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைப்பது நல்லது. அரசு தரப்பில் அடுத்தடுத்து கேவியட் போடுவதாகச் செய்தி வந்தால் அதைப் பயம் என்று எழுதுகிறார்கள். பயமில்லை, இந்தக் கணக்குதான்.

#14 ராக்கெட்_ரவி

சரி, எல்லாம் ஒழுங்கா பண்ணியும் கோர்ட்டு கவனிக்காம எக்ஸ்பார்ட்டி ஆர்டர் போட்டுடுச்சுன்னா? ஆர்டர் தானா செல்லாம போயிடுமா?

#15 அப்பீல்_அய்யாசாமி

தானாகப் போகாது என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 1981ல் கர்நாடக உயர் நீதிமன்றம், கேவியட் இருக்கும்போது நோட்டீஸ் கொடுப்பது இடைக்கால உத்தரவுக்கு முன்நிபந்தனை என்றது. அதே ஆண்டு ஆந்திர உயர் நீதிமன்றம் ரிசர்வ் வங்கி ஊழியர் சங்க வழக்கில், நோட்டீஸ் விட்டுப்போனது மட்டுமே உத்தரவை அதிகாரமற்றதாக்கிவிடாது என்றது.

ஆகவே உத்தரவு கையில் வந்ததும் "இது செல்லாது" என்று சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் அவமதிப்பு மனுவில் மாட்டுவீர்கள். அன்றைக்கே 39ஆவது ஆணை 4ஆவது விதியில் உத்தரவை நீக்கக் கோரி மனு, அதோடு கேவியட் எண், போட்ட தேதி, தபால் ஒப்புகை. எதிராளி உங்கள் நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கியும் மனுவில் கேவியட்டை மறைத்திருந்தால், அதைத் தனிப் பத்தியாக எழுதவும். அது கோர்ட்டின் கண்ணில் நேராகப் படும்.

#16 சட்டமாணவி_மதுரை

சொல்லின் கதைக்குத் திரும்பினால், இது ஆங்கிலச் சட்டத்துக்குள் வந்தது சாதாரண கோர்ட்டு வழியாக அல்ல, தேவாலய நீதிமன்றங்கள் வழியாக. உயில், திருமணம், பாதிரியார் நியமனம் எல்லாம் அங்கே ஆயரின் அதிகாரத்தில் இருந்தன. உயிலுக்கு முத்திரை போடுமுன், திருமண உரிமம் கொடுக்குமுன், ஒரு பங்குக்குப் பாதிரியாரை அமர்த்துமுன் "என்னைக் கேளாமல் செய்ய வேண்டாம்" என்று ஆயரின் பதிவகத்தில் எழுதி வைப்பார்கள். தேவாலய நீதிமன்றத்தின் மொழி லத்தீன் என்பதால் பெயரும் லத்தீனாகவே நின்றுவிட்டது. 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புழக்கம்.

அங்கே உயில் கேவியட்டின் ஆயுள் 6 மாதம், புதுப்பிக்கலாம். கேவியட்டை அசைக்க விரும்பும் எதிர்த்தரப்பு அனுப்பும் காகிதத்துக்குப் பெயர் "வார்னிங்". எச்சரிக்கைக்குப் பதில் எச்சரிக்கை! இங்கிலாந்தின் 1949 திருமணச் சட்டத்திலும் கேவியட் உண்டு.

இந்தியாவில் உயில் கேவியட் 148ஏ-யில் வராது. 1925 வாரிசுரிமைச் சட்டத்தின் 284ஆவது பிரிவு. படிவமும் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. இது வெறும் "கேட்டுவிட்டுச் செய்" அல்ல. கேவியட்டர் எதிர்த்து நின்றால் 295ஆவது பிரிவின்படி மனு வழக்காகவே மாறிவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓ.பி. (மனு) எண் டி.ஓ.எஸ். (உயில் வழக்கு) எண்ணாக மாறுகிறது என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். யார் வேண்டுமானாலும் போடவும் முடியாது: 2008ல் பிர்லா உயில் வழக்கில் உச்ச நீதிமன்றம், இறந்தவரின் சொத்தில் அவர்வழி வரும் உரிமை இருக்க வேண்டும் என்றது. சொத்தே இறந்தவருடையது அல்ல என்பவர் தனி வழக்குதான் போட வேண்டும்.

#17 கிள்ளான்_சேகர்

மலேசியாவிலிருந்து ஒரு சேதி. நீங்கள் "கேவியட் எதையும் நிறுத்தாது" என்று அடித்துச் சொல்கிறீர்கள். இங்கே நிலத்துக்குப் போடும் கேவியட் நிறுத்தும்! "கிராண்டுல (நிலப் பத்திரத்தில்) கேவியட் ஏறியிருக்கு" என்றால் அந்த நிலத்தை யாரும் வாங்க மாட்டார்கள், பேங்க் கடன் கொடுக்காது.

காரணம் டோரன்ஸ் முறை. 1858ல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த பதிவுமுறையில், பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். அப்படியானால் பணம் கொடுத்துவிட்டு இன்னும் பெயர் ஏறாதவர் கதி? அவருக்காகத்தான் கேவியட். அது போய் உட்கார்வது நில அலுவலகப் பதிவேட்டிலேயே, கோர்ட்டில் அல்ல. எச்சரிக்கப்படுபவர் பதிவாளர்.

1965 தேசிய நிலச் சட்டத்தில் தனியார் கேவியட்டுக்குப் படிவம் 19பி, ஆயுள் 6 ஆண்டு. இருக்கும் வரை நிலத்தைப் பெயர் மாற்றவோ அடமானம் பதியவோ முடியாது. இவ்வளவு பலம் என்பதால் தண்டனையும் உண்டு: நியாயமான காரணமின்றிப் போட்டவர் 329ஆவது பிரிவின்படி நட்டஈடு கட்ட வேண்டும். கடன் பாக்கிக்காகக் கோபத்தில் போய்க் கேவியட் ஏற்றுபவர்கள் மாட்டுவது இங்கேதான். பாக்கி இருக்கலாம், ஆனால் அந்த நிலத்தின் மேலேயே பதியத்தக்க உரிமை இருக்க வேண்டும்.

இதற்கான அளவுகோலைச் சொன்ன வழக்கு எங் மீ யோங் எதிர் லெட்சுமணன், லண்டன் பிரிவி கவுன்சில் (மேல்முறையீட்டு மன்றம்), 1979. கேவியட் இடைக்கால உறுத்துக்கட்டளைக்கு ஒப்பானது. போட்டவர்தான் விசாரிக்கத்தக்க கேள்வி இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்றார் டிப்லாக் பிரபு.

சிங்கப்பூரில் 5 ஆண்டு. அங்கே வீடு வாங்குபவர் ஒப்பந்தம் ஆனதும் கேவியட் ஏற்றுவது அன்றாடச் சடங்கு. வீட்டு விலைப் புள்ளிவிவரமே கேவியட் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள்.

#18 ஃபைலிங்_செக்ஷன்

சேகர் சொன்னது நல்ல திருத்தம். நான் சொன்னது 148ஏ-க்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன். அங்கே கேவியட் செய்யும் வேலைக்கு இங்கே போக வேண்டியது உறுத்துக்கட்டளைக்கு. மலேசியச் சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டு "கேவியட் போட்டு நிலத்தை முடக்கலாம்" என்று இங்கே வருபவர்களின் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரிகிறது.

#19 தந்தி_தங்கராசு

தொலைபேசி விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திலும் 1836லிருந்து கேவியட் இருந்தது. கண்டுபிடிப்பு முழுமையாகவில்லை, ஆனால் வேறு யாரும் அதே பொருளுக்குக் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள் என்று ஓராண்டுக்கு எழுதி வைப்பது. யாராவது கேட்டால் அலுவலகம் தகவல் அனுப்பும். மூன்று மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தர வேண்டும்.

அன்டோனியோ மெயூச்சி 1871 டிசம்பர் 28 அன்று "ஒலித்தந்தி"க்குக் கேவியட் போட்டார். 1872, 1873ல் புதுப்பித்தார். 1874ல் 10 டாலர் கட்ட முடியாமல் விட்டுவிட்டார். 1876 பிப்ரவரி 14 அன்று கிரஹாம் பெல் தரப்பு விண்ணப்பம் கொடுத்தது; அதே நாளில் எலிஷா கிரே கொடுத்தது கேவியட். மார்ச் 7 அன்று பெல்லுக்கு 174465 எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. அய்யாசாமி ஐயா சொன்ன சிவப்பு மை அந்தக் காலத்திலும் தேவைப்பட்டிருக்கிறது. 1910க்குள் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள்.

#20 கொங்குத்தமிழன்

"கேவியட் எம்ப்டர்"ங்கறது? பி.காம். பாடத்துல "வாங்குபவரே எச்சரிக்கை"ன்னு இருக்குதுங்க.

#21 இலக்கணப்பித்தன்

எம்ப்டோர் என்றால் வாங்குபவர். "வாங்குபவரே" என்று விளித்தால் ஏவலாகிவிடும். "வாங்குபவர் கவனமாய் இருக்க" என்பதே நேர். அதுவும் வியங்கோள்தான்.

வேடிக்கை என்னவென்றால், லத்தீன் வேஷம் போட்டாலும் இது ரோமானியரின் கொள்கை அல்ல. ரோமில் சந்தையை மேற்பார்த்த அதிகாரிகளின் ஆணைப்படி, அடிமையையோ மாட்டையோ விற்பவர் அதன் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். கொள்கையை வளர்த்தது இங்கிலாந்து. 1603ல் சாண்டலர் எதிர் லோப்பஸ்: பொற்கொல்லர் ஒரு கல்லை "பெசோவார்" என்று சொல்லி 100 பவுண்டுக்கு விற்றார். ஆட்டின் வயிற்றில் உண்டாகும், விஷத்தை முறிக்கும் என்று நம்பப்பட்ட கல். நம்மூர் கோரோசனைக்குத் தூரத்து உறவு. அது போலி. "பெசோவார் என்று சொன்னது மட்டும் போதாது, உத்தரவாதம் கொடுத்ததாகக் காட்டவில்லை" என்று வாங்கியவரின் வழக்கு நிற்கவில்லை. இந்தியாவில் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவில் கொள்கையும் விலக்குகளும் சேர்ந்தே இருக்கின்றன.

#22 வடகரையான்

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? "முன்னெச்சரிக்கை மனு" பொருந்துமா?

#23 இலக்கணப்பித்தன்

அரைப் பொருத்தம். நம் காதில் முன்னெச்சரிக்கை என்றால் மழைக்கு முன் கூரை மேய்வது. போடுபவர் செய்துகொள்ளும் ஏற்பாடு. கேவியட் மற்றவரைக் கவனமாயிருக்கச் சொல்வது. "தடை கோரும் மனு" முழுத் தவறு, #7ஐப் பார்க்க. "கேளாணை மறுப்பு மனு" என்று ஒட்டுவேலை செய்யலாம், யார் வாயிலும் நுழையாது. என் கட்சி "கேட்புரிமை மனு": என்னையும் கேட்க வேண்டும் என்ற உரிமையைச் சொல்லும் மனு.

#24 ஃபைலிங்_செக்ஷன்

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கவுண்டரில் போய்க் கேட்புரிமை என்றால் கேட்க ஆளிருக்காது. கேவியட் என்றே எழுதி, முதல் தடவை மட்டும் விளக்கினால் போதும் என்பது என் கருத்து.

#25 சட்டமாணவி_மதுரை

கடைசியாக ஒன்று. ஜாமீன் மனுவுக்கு எதிராகப் பாதிக்கப்பட்டவர் கேவியட் போடலாமா? ரிட் மனுவுக்கு?

#26 அப்பீல்_அய்யாசாமி

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கேவியட் இருந்ததில்லை, அதன் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இல்லை. ஜாமீனை எதிர்க்க வேண்டுமானால் இடையீட்டு மனு. ரிட் விஷயத்தில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 141ஆவது பிரிவின் விளக்கம், அரசியலமைப்பின் 226இன்கீழ் வரும் ரிட் நடவடிக்கைகளை அந்தச் சட்டத்துக்கு வெளியே வைக்கிறது. ஆகவே அந்தந்த உயர் நீதிமன்ற விதியைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

வடகரையானின் மூன்றாவது கேள்வி பாக்கி நிற்கிறது. கேவியட் நோட்டீஸ் வந்தால் வேலி வேலையை நிறுத்த வேண்டியதில்லை. அதில் வாய்தா தேதி இருக்காது, பதில் அனுப்ப வேண்டாம், ஆஜராக வேண்டாம். ஆனால் "எடுக்கவில்லை" என்று தபாலைத் திருப்பாதீர்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையின் மேல் வந்த தேதியை எழுதி வையுங்கள். எந்தக் கோர்ட்டு, எந்த சர்வே எண் என்று பாருங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் கேவியட் தேடல் தனியாக இருக்கிறது. போட்ட தேதி தெரிந்தால் 90 நாளை எண்ணிக்கொள்ளலாம். நீங்கள் மனு போட நேர்ந்தால் நகலை அவருக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கான அத்தாட்சியோடு போடுங்கள். வேலியை மட்டும் சர்வே கல்லுக்கு உள்பக்கமாகவே போடவும்.